எழுவாய் எங்கே? மின்சாரக் கொள்கையின் சொற்களும் அவற்றை ஆக்கியோரும்



மொழிச் சொற்பொழிவு வரிசையில் மின்சாரக் கொள்கை ஏன் இடம்பெறுகிறது என்னும் ஐயம் அவையோர்க்கு எழுதல் இயல்பே. விடை எளியது. ஓர் அரசின் கொள்கை குடிமக்களிடம் சொற்களாகவே வந்து சேர்கிறது. மின்னுற்பத்தி நிலையத்தின் உள்ளே நாம் சென்று பார்ப்பதில்லை. அது தொடர்பான ஒப்பந்தத்தையும் படிப்பதில்லை. நாம் காண்பவை மாதக் கட்டணச் சீட்டும் நாளேட்டுச் செய்தியுமே ஆகும். அச்செய்தியிலுள்ள சொற்களை யார் ஆக்கினர், அவை எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்று ஆராய்வது மொழியியலாரின் கடமைகளுள் ஒன்று. பெருநிறுவனங்கள் அரசின் எரிசக்திக் கொள்கையில் செலுத்தும் செல்வாக்கை இன்று அவ்வழியே அணுக விழைகிறோம்.

1. நீங்கியது கட்டுப்பாடா, ஒழுங்கா?

‘டீரெகுலேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இருவகை வழக்குகள் உள்ளன. ஒன்று ‘கட்டுப்பாட்டு நீக்கம்’. மற்றொன்று ‘ஒழுங்குமுறைத் தளர்வு’. மூலச்சொல் ஒன்றுதான். ஆயினும், ‘கட்டுப்பாடு நீங்கியது’ என்றால் கேட்போர் உள்ளம் மகிழ்கிறது; ‘ஒழுங்கு தளர்ந்தது’ என்றால் அஞ்சுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்ந்த அளவிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டு விடுகிறது.

உண்மையில் மின்துறையில் முழுமையான நீக்கம் என்பது இயலாத ஒன்று. ஓர் ஊருக்குள் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கம்பம் நட்டுக் கம்பி இழுத்துப் போட்டியிடுவதில்லை. உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமமாக நிற்க வேண்டும். அச்சமன் குலைந்தால் நாடே இருளில் மூழ்கும். ஆகவே விதிகளின்றி இத்துறை ஒருநாளும் இயங்காது. கட்டுப்பாடு நீங்கியது என்று சொல்லப்படும் இடங்களில் உண்மையில் நிகழ்வது விதியின் இடமாற்றமே. சட்டத்தில் இருந்த விதி ஒப்பந்தத்திற்குள் குடிபெயர்கிறது. சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு அரசிதழில் வெளிவருவது. ஒப்பந்தமோ இரு தரப்பார் மூடிய அறையில் கையொப்பமிடுவது. பெருநிறுவனச் செல்வாக்கு என்பதை நாம் தேட வேண்டிய இடம் இந்த இடமாற்றம்தான்.

கலிபோர்னியா மாநிலம் 1996இல் சட்டமியற்றி, 1998இல் மின்சந்தையைத் திறந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அங்கே விலை பன்மடங்கு ஏறியது. சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. பெரிய மின்விநியோக நிறுவனம் ஒன்று 2001 ஏப்ரலில் நொடிப்புப் பாதுகாப்பை நாடியது. சந்தையைத் திறக்குமாறு வலியுறுத்தி வந்த என்ரான் நிறுவனத்தின் வணிகர்கள், புதிய விதிகளின் இடுக்குகளைப் பயன்படுத்தி ஆதாயம் தேடியது பின்னர் வெளிப்பட்டது. நீக்கம் என்று பெயர் பெற்ற அந்தச் சந்தையிலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எழுதவும் வளைக்கவும் வல்லோர் சிலராகவும், அவற்றின்படி பணம் செலுத்துவோர் பலராகவும் இருந்தனர்.

அதே என்ரான் மகாராட்டிரத்தின் தாபோலில் ஒரு மின்நிலையம் அமைக்க 1992இல் உடன்பாடு கண்டு, 1993இல் மாநில மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்தது. பொருளாதார நோக்கில் அத்திட்டம் பொருந்தாது என்று கருதி உலக வங்கி 1993இல் கடன் தர மறுத்தது. எனினும் திட்டம் நடந்தேறியது. 2001இல் மின்வாரியத்தால் விலை கொடுக்க இயலாமல் உற்பத்தி நின்றது. இதிலே ஆசிரியர்கள் கருத வேண்டிய சொல் ஒன்று உண்டு. இந்தியத் தரப்பினருக்குக் ‘கல்வி’ புகட்டவும் திட்டத்தை உருவாக்கவும் ஏறத்தாழ 2 கோடி அமெரிக்க டாலர் செலவிட்டதாக அந்நிறுவன அலுவலர் ஒருவர் 1995இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்றின்முன் சாட்சியளித்தார். கல்வி என்னும் சொல் இத்தகைய பணிக்கும் அமர்த்தப்படலாம் என்பதை அன்று உலகம் அறிந்துகொண்டது.

2. நம் நாட்டுக் கதை

மலாயாவில் 1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறிற்று. ‘லெம்பாகா லெத்ரிக் நெகாரா’ என்ற அதன் மலாய்ப் பெயரை மூத்தோர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். தனியார்மயக் கொள்கை 1983இல் அறிவிக்கப்பட்டது. 1990 செப்டம்பர் முதல் நாள் வாரியம் ‘தெனாகா நேஷனல் பெர்ஹாட்’ என்னும் நிறுவனமாயிற்று. 1992 மே மாதம் அதன் பங்குகள் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டன.

அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. உற்பத்தி போதாது, தனியாரை விரைந்து அழைக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1993இல் ஒய்டிஎல் நிறுவனத்திற்கு முதல் உரிமம் கிடைத்தது. பாக்காவிலும் பாசீர் கூடாங்கிலும் அதன் நிலையங்கள் எழுந்தன. அதனைத் தொடர்ந்து லூமுட், தெலுக் கோங், போர்ட்டிக்சன் எனப் பல நிலையங்கள் வந்தன. இந்தக் கோல லங்காட் மாவட்டத்திலேயே கெந்திங் சான்யென் நிறுவனம் 720 மெகாவாட் எரிவாயு நிலையத்தை அமைத்தது. ஆக, இன்றைய பேச்சு இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று.

தெனாகாவின் அன்றைய நிர்வாகத் தலைவர் டான்ஸ்ரீ அனி அரோப் 1996இல் பதவி விலகினார். பத்தாண்டுகள் கழித்து, 2006இல், ஆங்கில நாளேடு ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் அவர் கூறிய செய்தி மிக இன்றியமையாதது. மின்சாரத்தை விற்கும் தனியாரோடு, அதனை வாங்க வேண்டிய தெனாகா நேரில் பேரம் பேசவே இல்லை. விதிமுறைகளைப் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவே கொடுத்து ஏற்கச் சொன்னது. அவை நியாயமற்றவை என்று கருதித் தாம் உடன்பட மறுத்தார் என்பது அவர் கூற்றின் சாரம். வாங்குபவர் பேசாத பேரம், பேரம் எனப்படுமா? ‘ஒப்பந்தம்’ என்பது இரு தரப்பும் ஒப்புவதைக் குறிக்கும் சொல்லாயிற்றே.

நேர்மை கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனியார் நிலையங்கள் விரைவாகக் கட்டப்பட்டன என்பதும், பல நூறு மில்லியன் ரிங்கிட் கடன் தரும் வங்கிகள் உறுதியான வருவாயைக் கேட்டன என்பதும் உண்மை. இலாபம் நாடுவது நிறுவனத்தின் இயல்பு. அதனை நாம் பழிக்கவில்லை. அந்த நாட்டத்திற்கு எல்லை வகுக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அது எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதே கேள்வி.

3. ‘சுயேச்சை’ யாரிடமிருந்து?

இந்நிறுவனங்களுக்கு ‘சுயேச்சை மின் உற்பத்தியாளர்’ என்று பெயர். தன் விருப்பப்படி இயங்குவது சுயேச்சை. அப்பெயரை ஒப்பந்த நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பள்ளி ஒன்று மாணவர்க்குப் பேருந்து அமர்த்துவதாகக் கொள்ளுங்கள். பேருந்து ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாத வாடகை கொடுத்தாக வேண்டும். ஓடினால் டீசல் செலவு பள்ளியைச் சேரும். டீசல் விலை ஏறினால் அவ்வேற்றமும் பள்ளிக்கே. இந்த ஏற்பாடு 21 ஆண்டுகளுக்கு மாறாது. மாணவர் தொகை குறைந்து பேருந்து கொட்டகையில் நின்றாலும் வாடகை நிற்காது. தனியார் மின் ஒப்பந்தங்களின் அமைப்பு ஏறத்தாழ இதுவே. நிலையம் ஆயத்தமாக இருப்பதற்குக் கொள்திறன் கட்டணம். உற்பத்தி செய்யும் மின்சாரத்திற்கு எரிபொருள் சார்ந்த கட்டணம். வாங்குவோர் ஒருவரே, அவர் தெனாகா.

வாங்குவோர் உறுதி, வருவாய் உறுதி, எரிபொருள் இடர் தன்மேல் இல்லை. இத்தகைய தொழிலைச் ‘சார்புற்றது’ எனலாமேயன்றிச் ‘சுயேச்சையானது’ எனல் பொருந்துமா? அது அரசு நிறுவனத்தினின்று பிரிந்தது என்னும் அளவில்தான் சுயேச்சை. சந்தையின் இடர்களைத் தாங்குவது என்னும் பொருளில் அன்று. 2000த்தின் பிற்பகுதியில் தீபகற்பத்தின் உற்பத்தித் திறன், உச்சத் தேவையைவிட நூற்றுக்கு 40 பங்குக்குமேல் மிகுந்திருந்தது. உபரி எவ்வளவு மிகுந்தாலும், ஆயத்தமாக நின்ற தனியார் நிலையத்திற்குக் கொள்திறன் கட்டணம் உண்டு.

உரிமையாளர் மாறினும் இவ்வமைப்பு மாறுவதில்லை. கோல லங்காட் நிலையத்தையே காண்போம். 2012இல் 1எம்டிபி நிறுவனம், தஞ்ஜோங் நிறுவனத்தின் மின்சொத்துகளை 8.5 பில்லியன் ரிங்கிட்டுக்கும், கெந்திங்கின் பங்கை 2.3 பில்லியன் ரிங்கிட்டுக்குமேல் கொடுத்தும் வாங்கியது. கோல லங்காட் நிலையத்தின் முதல் ஒப்பந்தம் முடிவுக்கு வர அப்போது சில ஆண்டுகளே இருந்தன. அதே ஆண்டில் மேலும் பத்தாண்டு நீட்டிப்பு கிடைத்தது. 2015இல் எட்ரா என்னும் பெயரிலிருந்த அச்சொத்துகளை 9.83 பில்லியன் ரிங்கிட்டுக்குச் சீன அரசு நிறுவனம் ஒன்றுக்கு விற்க உடன்பாடானது. தனியாரிடமிருந்து அரசு நிறுவனத்திற்கு, அங்கிருந்து வேற்று நாட்டு அரசு நிறுவனத்திற்கு என ஓர் ஒப்பந்தம் கைமாறியது. ‘தனியார்மயம்’ என்னும் சொல்லால் இப்பயணத்தை விளக்க முடியுமா என்பதை உங்கள் சிந்தனைக்கு விடுகிறோம்.

4. மானியம் யாருக்கு?

1997 முதல் 2008 வரை மின்னுற்பத்திக்கான எரிவாயுவை ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.40 ரிங்கிட் என்னும் நிலையான விலைக்குப் பெட்ரோனாஸ் வழங்கியது. உலகச் சந்தை விலை அதற்கு மேல் வெகுவாக உயர்ந்த காலம் அது. இச்சலுகைக்கு மானியம் என்று பெயர். 2008 ஜூலையில் அவ்விலை 14.31 ரிங்கிட் ஆயிற்று.

இலக்கணத்தில் கொடைப்பொருளைக் காட்டுவது நான்காம் வேற்றுமை. கொடு என்னும் வினை வந்தால் ‘யாருக்கு’ என்னும் வினா உடன் வரும். மானியம் பற்றிய செய்திகளில் விடுபடுவது பெரும்பாலும் இந்த ‘கு’ உருபே. நுகர்வோருக்கா, தெனாகாவுக்கா, தனியார் உற்பத்தியாளருக்கா, மிகுதியாக மின்சாரம் செலவிடும் பெருந்தொழிற்சாலைக்கா? எரிபொருள் செலவு அப்படியே தெனாகாவிடம் கடத்தப்படுவதால் மானியம் தங்களைச் சேரவில்லை என்பது உற்பத்தியாளர் வாதம். மலிவான எரிவாயு இன்றி அவ்வொப்பந்தங்கள் இத்தனை காலம் தாங்கியிரா என்பது மறுப்போர் வாதம். இரண்டையும் எடைபோட ஒப்பந்தங்களை மக்கள் படித்திருக்க வேண்டும்; அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

மானியம் என்னும் சொல்லின் பழைய வழக்கை இங்கு நினைவூட்டல் தகும். இறையிலியாகக் கொடுக்கப்பட்ட நிலத்தை அது குறித்தது. தமிழகக் கோயிற்சுவர்களிலும் செப்பேடுகளிலும் உள்ள நிலக்கொடைச் சாசனங்களைப் பாருங்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிலத்தின் நாற்பால் எல்லை எது, எவ்வரி நீங்கியது, என்ன நிபந்தனை என்பன வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அரசன் அளித்த சலுகையைக் கல்லில் வெட்டி ஊரார் கூடும் இடத்தில் நிறுத்திய மரபு நம்முடையது. அச்சமூகத்தில் எல்லோரும் எழுத்தறிந்தவர் அல்லர், ஏற்றத்தாழ்வுகளும் மிகுதி. ஆயினும் கொடை மறைபொருளாக இருத்தலாகாது என்னும் நெறி அங்கே நிலவியது. இன்றைய மின் ஒப்பந்தத்திற்கு அத்தகைய சுவர் ஒன்று இல்லை.

2008 ஜூன் மாதம் அரசு தனியார் மின் உற்பத்தியாளர்மீது ஒரு சிறப்பு வரியை அறிவித்தது. ஆங்கிலத்தில் காற்றில் உதிர்ந்த கனியைச் சுட்டும் சொல்லால் அது வழங்கப்பட்டது. தமிழில் ‘எதிர்பாரா இலாப வரி’ எனலாம். சொத்தின்மீதான வருவாய் நூற்றுக்கு 9 பங்கைக் கடந்தால், கடந்த பகுதியில் 30 விழுக்காடு வரி. நிறுவனங்களும் அவற்றின் கடன்பத்திரங்களை வைத்திருந்தோரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பங்கு விலைகள் சரிந்தன. செப்டம்பர் மாதத்திலேயே வரி கைவிடப்பட்டது. ஒருமுறை மட்டும் தொகை செலுத்தினால் போதும் என்றாயிற்று.

பெருநிறுவனச் செல்வாக்கின் ஆற்றலை அம்மூன்று மாதங்கள் காட்டின. மொழி நோக்கில் மற்றொரு செய்தியும் உண்டு. 21 ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதி வைத்துப் பெறும் வருவாய் ‘எதிர்பாரா’ இலாபம் ஆகுமா? ஒப்பந்தக்காரர் அதனை எதிர்பார்த்தனர். கடன் தந்தோர் எதிர்பார்த்தனர். விதிமுறை கொடுத்தோரும் எதிர்பார்த்திருப்பர். எதிர்பாராமல் இருந்தோர் மின்கட்டணம் செலுத்திய பொதுமக்களே. அவர்களோடு ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசுவதற்கு மாறாக, தவறான பெயருடன் ஒரு வரி வந்தது; வந்த வேகத்திலேயே போயிற்று.

5. எழுவாய் எங்கே?

தமிழில் உயர்-உயர்த்து, கூடு-கூட்டு, திருந்து-திருத்து, நீங்கு-நீக்கு எனத் தன்வினையும் பிறவினையும் இணையிணையாக நிற்கின்றன. ‘கட்டணத்தை உயர்த்தினர்’ என்றால் உயர்த்தியவர் யார் என்னும் வினா எழும். ‘கட்டணம் உயர்ந்தது’ என்றால் எழாது. வெயில் ஏறியது, ஆற்றுநீர் உயர்ந்தது என்பனபோல் அதுவும் இயற்கை நிகழ்ச்சியாகிவிடும்.

செயப்படுபொருளை அதுவே செய்ததுபோலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியர் வினையியலில் குறித்துள்ளார். திண்ணையை மெழுகியவர் ஒருவர் இருக்க, திண்ணையே மெழுகியதாகக் கூறும் வழக்கை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். அந்தத் திண்ணையை மெழுகிய கை வீட்டார் அறிந்த கை. மறைப்பு அங்கே நோக்கமன்று. மின்கட்டணச் செய்தியில் அந்தக் கை நமக்குத் தெரிவதில்லை.

2006இல் சராசரி 12 விழுக்காடு, 2008இல் 24 விழுக்காடு, 2014 ஜனவரியில் ஏறத்தாழ 15 விழுக்காடு எனத் தீபகற்பத்தில் கட்டண உயர்வுகள் வந்தன. ‘உயர்வு’ என்னும் தொழிற்பெயரில் எழுவாய் முற்றும் கரைந்துவிடுகிறது. பின்னர் வந்தவை ‘சீரமைப்பு’, ‘சரிக்கட்டல்’ முதலிய பெயர்கள். சீரில்லாதது சீராகிறது, சரியில்லாதது சரியாகிறது என்றால் மறுத்துப் பேசுவோர் யார்?

2025 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையில் ‘தானியங்கி எரிபொருள் சரிக்கட்டல்’ இடம்பெற்றுள்ளது. எரிபொருள் விலைக்கும் நாணய மாற்றுக்கும் ஏற்ப மாதந்தோறும் கட்டணம் ஏறும் அல்லது இறங்கும். 600 கிலோவாட் மணிக்கு மேற்படாத வீடுகளுக்கு இது பொருந்தாது. சூத்திரம் ஒன்றை முன்கூட்டியே வகுத்து அதன்படி நடப்பது மூடிய அறைப் பேச்சைவிட மேலானது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த எரிசக்தி ஆணையத்தின் பணி இவ்வகையில் போற்றத்தக்கது. ஆயினும் ‘தானியங்கி’ என்னும் அடைமொழியைக் கண்டு நாம் வாளா இருத்தல் ஆகாது. தானே இயங்குவதாகக் கூறப்படும் சூத்திரத்திற்கும் அதனை வகுத்தவர் உண்டு. எந்தச் செலவு அதனுள் சேரும், எது சேராது என முடிவு செய்தவரே அதன் எழுவாய்.

6. இன்று நம்முன் நிற்பவை

2019இல் அமைச்சரவை ‘மின்விநியோகத் துறைச் சீர்திருத்தம் 2.0’ என்னும் பத்தாண்டுத் திட்டத்தை ஏற்றது. 2020இல் ஆட்சி மாறியபின் அது தொடரவில்லை. 2024 செப்டம்பரில், பெருநிறுவனங்கள் தெனாகாவின் கம்பிவடம் வழியே பசுமை மின்சாரத்தை உற்பத்தியாளரிடம் நேரே வாங்கும் திட்டம் தொடங்கிற்று. ஜொகூரிலும் சிலாங்கூரிலும் எழும் தரவு மையங்கள் மின்சாரத்தைப் பெரிதும் வேண்டி நிற்கின்றன. கம்பிவடத்தைப் பயன்படுத்தக் கட்டணம் எவ்வளவு, புதிய நிலையங்களின் இடரைத் தாங்குவோர் யார், தரவு மையங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வாராவிடில் மிஞ்சும் திறனுக்குப் பணம் செலுத்துவோர் யார் என்பவை இன்றைய வினாக்கள். 1993இல் கேளாமல் விட்டவற்றை இன்று கேட்கலாம். அன்று கையொப்பமானதன் விளைவு 21 ஆண்டுகள் நீடித்தது. இன்று கையொப்பமாவது இவ்வவையிலுள்ள மாணவர்கள் குடும்பத் தலைவர்களாகும் காலம்வரை நீடிக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை, வேற்றுமை ஆகியவற்றைக் கற்பிக்கும்போது நாளேட்டிலிருந்து ஒரு கொள்கைச் செய்தியை எடுத்துக் கொள்ளுங்கள். மாணவர்களை ஐந்து வினாக்கள் எழுப்பச் செய்யுங்கள். இவ்வாக்கியத்தின் எழுவாய் யார்? தன்வினையைப் பிறவினையாக மாற்றினால் எந்தப் பெயரைச் சேர்க்க வேண்டிவரும்? கொடுக்கப்பட்டது எனின் யாருக்கு? நீக்கப்பட்டது எனின் அவ்விடத்தில் வந்தது எது? இச்சொல்லை முதலில் வழங்கியவர் யார்? விடை செய்தியில் இல்லாவிடின், ‘விடை இல்லை’ என்று எழுதுவதும் சரியான விடையே. அவ்வெற்றிடத்தைக் கண்டறிந்த மாணவர் இலக்கணத்தையும் கற்றார், குடிமையையும் கற்றார்.

மாணவச் செல்வங்களே, தமிழைப் பிழையின்றி எழுதக் கற்பதோடு, தமிழில் வந்துசேரும் அரசின் சொல்லையும் நிறுவனத்தின் சொல்லையும் ஆராய்ந்து ஏற்கக் கற்றுக் கொள்ளுங்கள். கலைச்சொல் ஆக்கும் பணியில் உங்களுட் சிலர் நாளை ஈடுபடக்கூடும். அப்போது ஒரு சொல்லைத் தேர்வதற்குமுன், அச்சொல் செய்தவரைக் காட்டுகிறதா, பெறுபவரைக் காட்டுகிறதா, இழப்பவரைக் காட்டுகிறதா எனப் பாருங்கள். மூவரையும் மறைக்கும் சொல் எத்துணை இனிமையாக ஒலிப்பினும் அதனை ஏற்க வேண்டா.